திரும்பி வரும் நூறு கிலோமீட்டர்

முதல் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஓட்டப் பெயர் கொடுத்த சென்னைக்காரர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது சைக்கிளைப் பற்றித்தான். அலுமினியமா கார்பனா, டயர் 25-ஆ 32-ஆ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் பேச்சு ஓடும். ஆனால் பாதியில் கைவிட்டு, சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர்களிடம் கேட்டால் சைக்கிள் படுத்தியதாகச் சொல்பவர் அபூர்வம். கோவளம் தாண்டுவதற்குள் செய்த தப்புக்குத்தான் மதியத்துக்கு மேல் வட்டி கட்டுகிறார்கள்.

பி.ஆர்.எம். என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். பந்தயம் இல்லை. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் 1921-இல் தொடங்கிய முறை இது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பின் கீழ் ஊர் ஊராக க்ளப்கள் நடத்துகின்றன. நம் ஊரில் மெட்ராஸ் ரேண்டனர்ஸ். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். வழியில் கன்ட்ரோல்கள் உண்டு. கையிலிருக்கும் பிரெவெட் அட்டையில் அங்கே முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட ஆள் இல்லாத இடத்தில் கடை பில்லோ நேரம் அச்சான ஏ.டி.எம். சீட்டோ சாட்சி. பங்க்சர் ஆனால் அவரவர்தான் ட்யூப் மாற்றிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோல் அல்லாத இடத்தில் வீட்டார் காரில் வந்து தண்ணீர் பாட்டில் நீட்டினால்கூட விதிமீறல். எட்டு மணி நேரத்தில் முடித்தவருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தவருக்கும் ஒரே அங்கீகாரம். தர வரிசை கிடையாது.

சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் போதும். பால் வண்டிக்காரர் வேகம். அப்புறம் ஏன் ஆட்கள் விழுகிறார்கள்?

முதல் காரணம் காற்று. மார்கழியில் மயிலாப்பூர்க் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பிப்பதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறு தாண்டித் திருவான்மியூர் வந்து சேரும்போது காற்று அசைவதே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் தெற்கே இறங்கினால் முட்டுக்காடு பாலம் வரை சாலை வழுக்கிக்கொண்டு போகும். வெயில் ஏற ஏற வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டர் 28, 30 என்று காட்டும். புதியவருக்குத் தன் கால் மேல் திடீர் மரியாதை வந்துவிடும். போதாததற்கு முன்னால் ஒரு பழகிய கூட்டம். அதன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். கடப்பாக்கம் பக்கம், அதாவது 100 கிலோமீட்டருக்கு அருகில் திரும்பும்போது மணி பத்துகூட ஆகியிருக்காது.

தள்ளிய காற்று இப்போது முகத்தில். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மேல் 10 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால், உடல் தாங்க வேண்டிய காற்றெதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாலாற்றுப் பாலத்தின் மேல் தடுக்க ஒரு மரம் கிடையாது. அங்கே 16-க்கு இறங்கியவர்கள் அநேகம். காலையில் கூடவே வந்த கூட்டமும் எங்கோ முன்னால் போயிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை: ஏப்ரல், மே மாதங்களில் மதியக் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருவதால் திரும்பும்போது அது துணை. ஆனால் அந்த வெயிலில் முதல் 200-ஐ ஓட்டு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, நிற்கும் நேரம். 22 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டுபவருக்கு 200-ஐ மிதிக்க சுமார் 9 மணி 5 நிமிடம். நிற்க 4 மணி 25 நிமிடம் மிச்சம். 18 என்றால் மிச்சம் 2 மணி 20 நிமிடம்தான். 16-க்கு விழுந்தால் ஒரு மணி நேரம்! மெதுவாகப் போகிறவர்தான் குறைவாக நிற்க வேண்டும், நடப்பது தலைகீழ். களைத்தவர் டீக்கடை பெஞ்சில் ஷூவைக் கழற்றி, காலைச் சுவரில் தூக்கி வைத்து, செல்போனில் படம் அனுப்பிக்கொண்டிருப்பார். அட்டை சட்டைப்பையில் வியர்வையில் ஊறும். ஆம்லெட்டுக்குக் காத்திருந்தே இருபது நிமிடம் போயிருக்கும். இதே நேரத்தில் இரண்டு வாழைப்பழத்தைப் பையில் போட்டு, இளநீரை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பியவர் கல்பாக்கத்தை நெருங்கியிருப்பார்.

சாப்பாட்டிலும் பசி வரட்டும் என்று காத்திருப்பது தப்பு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயாது. உப்பு போய்க்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் தொடை பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோரைவிடச் சரியான மருந்து அந்தச் சாலையில் இல்லை.

மேடில்லாத சாலை சுலபம் என்ற நம்பிக்கையும் சரியில்லை. மேடு இருந்தால் இறக்கமும் இருக்கும். மிதிக்காமல் உட்கார்ந்து வரலாம். ஈ.சி.ஆரில் அந்த ஓய்வே கிடையாது. ஒரே நிலையில் மணிக்கணக்காக மிதித்தால் உள்ளங்கை மரக்கும், உட்காரும் இடம் எரியும். மேடு என்றால் நமக்குக் கத்திப்பாரா மேம்பாலம்தான்! ஆனால் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணத்தில் ஏற்றம் மட்டும் மொத்தம் 11,000 மீட்டருக்கு மேல். 2019-இல் இந்தியாவிலிருந்து பெரிய கூட்டமாகப் போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை முடித்தார்கள். குளிர், எதிர்காற்று, ஓயாத மேடு என்று எல்லாம் சேர்ந்து அடித்தது. இருந்தாலும் அங்கே போக ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் 200, 300, 400, 600 என்று படியேறித்தான் ஆக வேண்டும். முதல் படியில் காற்றைப் படிக்காதவருக்கு 300 இன்னும் கஷ்டம். அதில் இரவும் சேர்ந்துகொள்ளும்.

எனவே பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிறு திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய் வாருங்கள். அங்கே இட்லி சாப்பிட்டு, வேண்டுமென்றே ஒன்பது மணிக்கு மேல் வடக்கே திரும்புங்கள். யார் பின்சக்கரத்தையும் ஒட்டாமல், தனியாக. அந்தத் திரும்பு பாதையில் சராசரி 18-க்குக் கீழே போகாவிட்டால் தாராளமாகப் பெயர் கொடுக்கலாம். போனால் இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டு வாருங்கள். 200 திரும்பவும் நடக்கத்தான் போகிறது.