பிழை கேட்போர் மூவர்

பிழை புரிந்த ஒருவன் மனம் வருந்துகிறான். அவன் தன் பிழையை யாரிடம் உரைத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு மார்மன் சமயத்தார் கூறும் விடையையும், அதனை விரித்துரைத்த நூலொன்றையும் ஈண்டு ஆராய்வாம்.

1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தோற்றுவித்த சபை இது. யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரம் இதன் தலைமையிடம். இச்சபையின் ஆயர், சமயக் கல்லூரியிற் பயின்று வந்த குரு அல்லர். உழவரோ வணிகரோ ஆசிரியரோ, தம் தொழிலைச் செய்துகொண்டே ஊதியமின்றிச் சில ஆண்டுகள் தம் வட்டாரச் சபையை நடத்துபவர். விபசாரம் போன்ற பெரும்பாவம் செய்தவர் அவரிடம் அறிக்கையிடல் வேண்டும் என்பது முறை. கேட்ட ஆயர், கத்தோலிக்கக் குருவைப் போல் பாவமன்னிப்பு மொழிவதில்லை. வழிகாட்டுவார், திருவிருந்தில் பங்குகொள்ளாது சிலகாலம் நிறுத்தியும் வைப்பார். மன்னிப்பு இறைவனுடையது, சபையில் ஒருவருக்குள்ள நிலை பற்றிய தீர்ப்பே ஆயருடையது. இவ்வேறுபாடு நுட்பமானது, போற்றத்தக்கது.

'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்பது அவர்தம் மறைநூல்களுள் ஒன்று. அதில் 1831 ஆகஸ்டில் எழுந்த 58ஆம் பகுதி, மனந்திரும்பியவனுக்கு அடையாளம் இரண்டு என்கிறது: பாவத்தை அறிக்கையிடல், அதனைக் கைவிடல். அவ்வாண்டு பிப்ரவரியில் எழுந்த 42ஆம் பகுதியோ, மறைவில் ஒருவர்க்குத் தீங்கிழைத்தவன் அவரிடமும் இறைவனிடமும் மறைவாக அறிக்கையிட வாய்ப்பளிக்கிறது. ஆகவே பிழை கேட்போர் மூவர்: இறைவன், தீங்குற்றவர், சபை.

இனி நூலுக்கு வருவோம். ஸ்பென்சர் கிம்பல் 1969இல் 'மன்னிப்பின் அற்புதம்' என்னும் நூலை வெளியிட்டார். அப்போது அவர் சபையின் பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவர். 1973 முதல் 1985 வரை சபைத் தலைவர். ஆயர்தம் பதவி பாவத்தை நீக்கும் ஆற்றலைத் தந்துவிடாது என்று அவர் தெளிவுறக் கூறுகிறார். தீங்குற்றவர்க்கு ஈடுசெய்தலையும் வற்புறுத்துகிறார். இவை நூலின் நலங்கள்.

குறை யாது? பாவங்களின் வரிசை நெடிது, கடிந்துரை மிகுதி, ஆறுதல் இறுதியிலேயே வருகிறது. தம் தொனி கடுமையாயிற்றோ என அவரே பிற்காலத்தில் எண்ணியதை, 2005இல் அவர் மகன் எழுதிய வரலாறு குறிக்கிறது. எனினும் தொனியினும் பெரிய குறை ஒன்றுண்டு. சொல்வோன் கடமை விரிந்த அளவு கேட்போன் கடமை விரியவில்லை. படித்து முடித்தவர் மனத்தில் ஆயரின் கதவே பெரிதாய் நிற்கிறது; தீங்குற்றவர் முகம் மங்கிவிடுகிறது.

இது வெறும் ஏட்டுக் குறையன்று. அரிசோனா மாநிலத்தில் தந்தை ஒருவர் தம் மகளுக்கு இழைத்த கொடுமையை ஆயரிடம் அறிக்கையிட்டார். செய்தி காவல்துறைக்குச் செல்லவில்லை. பின்னர்ச் சபை அவரை நீக்கியது. கொடுமையோ பல்லாண்டு தொடர்ந்தது. 2022இல் அசோசியேட்டட் பிரஸ் இதனை வெளியிட்டபோது, அச்செய்தி ஆயர்க்கு அறிவுரை கூறும் தன் தொலைபேசி உதவிப் பிரிவைத் தவறாகக் காட்டுவதாகச் சபை மறுத்தது. அவ்வழக்காடல் எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: அறிக்கை நிகழ்ந்தது, கைவிடல் நிகழவில்லை. மூவருள் குழந்தையை எவரும் கேட்கவில்லை.

பிழையை ஒப்புக்கொண்ட மாணவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவனால் புத்தகம் கிழிந்த சிறுவனை மறந்துவிடும் ஆசிரியர் உண்டு. யானும் மறந்ததுண்டு. உண்மை கேட்ட மனநிறைவு அத்தகையது. கேட்டதுடன் கடமை முடிந்ததாக அது மயக்கும். பெரும்பாவம் கேட்கும் ஆயர்க்கு அம்மயக்கம் எத்துணைப் பெரிதாகும்!

ஆதலின் ஆயரிடம் அறிக்கையிடும் முறையை நாம் பழிக்கவில்லை. தனியே சுமக்கவொண்ணாப் பாரத்தை இறக்க ஒரு மனிதர் வேண்டும். ஆயினும் கிம்பலின் நூலைப் பயில்வோர் 42ஆம் பகுதியையும் உடன்வைத்துப் பயில்க. கேட்கும் பொறுப்பிலிருப்போர், சொன்னவனை நோக்குமுன் அவனால் வருந்தியவரை நோக்குக.