சர்ச்சிலின் இரண்டு கணக்கு

1920ஆம் ஆண்டு வின்ஸ்டன் சர்ச்சில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனியத்தைப் பற்றி இரண்டு விதமாக எழுதினார். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு இதழில், யூதர்கள் போல்ஷ்விக் பக்கம் சாயாமலிருக்கச் சியோனியமே வழி என்றார். யூதர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரித்து அடுக்கும் அந்தக் கட்டுரையை இன்று படிக்கவே கூசுகிறது. ஜூனில் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கு எழுதிய கடிதத்தில் பேச்சே வேறு: பாலஸ்தீனத்தைப் பிரிட்டன் வைத்திருக்க ஆண்டுக்கு 60 லட்சம் பவுண்டு கரைகிறது, சியோனியத்தால் அரபுகளோடு ஓயாத உரசல்தான். அப்போது அவர் போர்த்துறை அமைச்சர். படைச் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

மறு ஆண்டே காலனித்துறை அவர் கைக்கு வந்தது. 1921 மார்ச்சில் ஜெருசலேம் போனார். மூசா காசிம் அல் ஹுசைனி தலைமையில் வந்த அரபுத் தூதுக்குழு, யூதத் தாயகக் கொள்கையைக் கைவிடக் கேட்டது. அது தன் அதிகாரத்தில் இல்லை, இருந்தாலும் செய்ய மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஸ்கோபஸ் மலையில் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கான இடத்தில் மரம் நடப் போனால், கன்று கைக்கு வரும்போதே ஒடிந்துவிட்டது. மாற்றுக் கன்றும் இல்லை.

பாலஸ்தீனக் கொள்கையை விளக்கிய 1922 வெள்ளை அறிக்கையில் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. பாலஸ்தீனம் முழுவதும் யூதத் தாயகம் அல்ல, பாலஸ்தீனத்துக்குள் ஒரு தாயகம் என்று வாக்குறுதியைச் சுருக்கினார்; குடியேற்றத்துக்கு நாட்டின் பொருளாதாரம் தாங்கும் அளவே வரம்பு என்றார். அந்த வாக்குறுதியை முதலில் தந்த பால்ஃபர் பிரகடனத்தின் வழவழப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தெளிவு. ஆனால் தாங்குமா தாங்காதா என்று அளப்பவர் யார்? அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 7,57,000 பேரில் யூதர்கள் 84,000 பேர்தான். தேர்ந்தெடுத்த சட்டசபை அமைந்திருந்தால் குடியேற்றத்தை முதல் வேலையாக நிறுத்தியிருக்கும். அதனால் அளவுகோல் ஆள்பவனிடமே இருந்தது.

பாலஸ்தீன அரபுகளை அவர் எப்படிப் பார்த்தார் என்பதை 1937இல், பாலஸ்தீனம் பற்றி விசாரித்த பீல் குழுவின் மூடிய அறையில் சொன்னார். வைக்கோற்போரில் நெடுங்காலம் படுத்திருந்ததாலேயே நாய்க்கு அது சொந்தமாகிவிடாது என்பது அவர் வாதம். அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கும் ஆஸ்திரேலியாவின் கறுப்பின மக்களுக்கும் அநீதி நடந்ததாகத் தான் கருதவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கூடாது என்று ஐந்தாண்டு மல்லுக்கட்டியவர் அப்படிப் பேசியதில் நமக்கு வியப்பில்லை. சியோனியம் பற்றி அவர் சொன்னது ஏறியும் இறங்கியும் வந்தது. இந்தப் பார்வை மட்டும் அசையவே இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1939 மே மாதம், யூதக் குடியேற்றம் ஐந்தாண்டில் 75,000 பேர், அதன்பின் அரபுகள் சம்மதித்தால்தான் என்று புதிய வெள்ளை அறிக்கையில் அரசு கதவைச் சாத்தியபோது, சொந்தக் கட்சி அரசையே எதிர்த்து அவர் பேசினார். ஐரோப்பிய யூதர்களுக்குப் போக்கிடமில்லாத நேரம் அது. அந்தப் பேச்சுக்குத் துணிவு வேண்டும். ஆனால் 1940 முதல் ஐந்தாண்டு தானே பிரதமராக இருந்தும் அந்த அறிக்கையை ரத்து செய்யவில்லை. பிரிவினைத் திட்டம் ஒன்று அமைச்சரவையில் மெல்ல உருவானது. 1944 நவம்பரில் அவருடைய நண்பர் மோய்ன் பிரபுவை லெஹி என்ற யூத ஆயுத இயக்கத்தினர் கெய்ரோவில் சுட்டுக் கொன்றதும் அதையும் கிடப்பில் போட்டார்.

1949 ஜனவரியில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து, இஸ்ரேலை அங்கீகரியுங்கள் என்று அரசை நெருக்கினார். அந்நாடு பிறந்ததை ஒரு தலைமுறையை வைத்து அளக்கக் கூடாது, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டு அளவில் பார்க்க வேண்டும் என்றார். ஒரு காலத்தில் ஆண்டுக் கணக்குப் பார்த்து அலுத்துக்கொண்டவர்தான். பாலஸ்தீனத்தில் பிரிட்டனின் ஆட்சி முடிந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.