சுழலும் வீடும் பேசும் குப்பைத்தொட்டியும்

தீம் பார்க் ரசிகர்கள் ஒரு பூங்காவை எடைபோடும்போது முதலில் கேட்பது, ரோலர் கோஸ்டர் எத்தனை உயரம், எவ்வளவு வேகம் என்பதைத்தான். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, அங்கே எதை முதலில் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், நான் ஒரு குப்பைத்தொட்டியைத்தான் காட்டுவேன்.

ஹொல்ல பொல்ல ஹெய்ஸ் என்று அதற்குப் பெயர். டச்சுக் குழந்தைப் பாட்டொன்றில் வரும் தீராப் பசிக்காரன். பருத்த உடம்பு, உப்பிய கன்னங்கள், ஆவென்று திறந்த வாய். வாய்க்குள் காற்றை உறிஞ்சும் விசை இருக்கிறது. காகிதத்தைக் கிட்டே கொண்டுபோனால் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். "காகிதம் இங்கே, காகிதம் இங்கே" என்று டச்சு மொழியில் ஓயாமல் கூவும். விழுங்கியதும் நன்றி சொல்லும். ஒரு சிறுவன் ஐஸ்கிரீம் உறையை ஊட்டிவிட்டு, அடுத்து ஊட்ட ஒன்றும் இல்லாமல் அப்பாவின் சட்டைப்பையைத் துழாவினான். அப்பா தன் காபியை அவசரமாகக் குடித்து முடித்து, காலிக் கோப்பையைக் கொடுத்தார். 1950களின் கடைசியிலிருந்து இந்தப் பசிக்காரன் அங்கே தின்றுகொண்டிருக்கிறான். இப்போது பூங்காவின் பல மூலைகளில் அவனுடைய சகோதரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த அறிவுரைப் பலகையாலும் செய்ய முடியாத வேலையை ஒரு பொம்மையின் பசி செய்துவிடுகிறது. எஃப்டெலிங்கின் கலை இன்னதென்று புரிந்துகொள்ள அந்த ஒரு வாய் போதும். மற்றவர்கள் ஒளித்துவைக்கும் சாதாரணப் பொருளை அவர்கள் கதைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

பூங்கா இருப்பது நாட்டின் தெற்கே, நோர்ட் பிராபண்ட் மாநிலத்தின் காட்ஸ்ஹூவல் என்ற சிற்றூரில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து டென் பாஸ் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. இறங்கியதும் எதிரே நிற்பது ஒரு மாபெரும் கூரைவீடு. கோபுரம் கோபுரமாகக் கூர்ந்து எழும் அந்த நுழைவாயில் முழுவதும் நாணல் வேய்ந்தது. 1996இல் கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே சீராக வெட்டி அடுக்கிய நாணல் நுனிகள், வளைவு வரும் இடங்களில் அலைபோல் திரும்புகின்றன. வேய்பவரின் கை எங்கே மடங்கியது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

கைவேலையில் இந்தப் பிடிவாதம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1952 மே 31 அன்று பத்துக் கதைகளோடு திறந்த 'தேவதைக் கதைக் காடு'தான் இன்றும் பூங்காவின் உயிர். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் உள்ளூர் மேயர் வான் டெர் ஹெய்டனின் மைத்துனர் பீட்டர் ரெய்ண்டர்ஸ். படம்பிடிப்பவர், கருவிகளைக் குடைந்து பார்ப்பவர். அவரோடு சேர்ந்தவர் ஓவியர் அன்டன் பீக். பழைய டச்சுத் தெருக்களையும் பனிக்காலத்துக் கூரைகளையும் வரைந்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் அவர். பீக் வரைவார், ரெய்ண்டர்ஸ் அசைய வைப்பார். பீக்கின் கோட்டில் நேர்சுவரே கிடையாது. கூரை தொய்யும், சுவர் பிதுங்கும், புகைபோக்கி சாயும். அந்தக் கோணலை அப்படியே செங்கல்லிலும் ஓட்டிலும் மரத்திலும் கட்டியிருக்கிறார்கள். கோணலான சுவரை விழாமல் கட்டுவதற்கு நேர்சுவர் கட்டுபவனைவிடப் பெரிய கொத்தனார் வேண்டும். வயது ஏற ஏற அந்த வீடுகளுக்கு அழகு கூடுகிறது. பாசி படர்ந்தால் அதுவும் கதையோடு சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் கோட்டைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

காட்டுக்குள் அவசரப்பட்டு நடக்கக்கூடாது. தூங்கும் இளவரசியின் அறைச் சன்னலில் நின்று பார்த்தால் முதலில் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குப் படும். நீள்கழுத்தன் என்ற காவல்காரன் கழுத்தை நீட்டிக்கொண்டே போவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். இளவரசியின் மூச்சைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் நிற்பார்கள். என் ஓட்டு மூச்சுக்குத்தான். பாதையோரத்துக் காளான்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவற்றுக்குள்ளிருந்து மெல்லிய சங்கீதம் வருகிறது. சரியாகக் கேட்க வேண்டுமானால் பெரியவர்கள் குனிந்தாக வேண்டும், அதாவது ஒரு குழந்தையின் உயரத்துக்கு வந்தாக வேண்டும்.

அதே காட்டில் 'இந்திய ஆம்பல்கள்' என்று ஒரு குகை அரங்கம் உண்டு, 1966இல் திறந்தது. பெல்ஜிய அரசி ஃபபியோலா, திருமணத்துக்கு முன்பே எழுதி வெளியிட்ட கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. குளத்தில் ஆட இறங்கிவந்த விண்தேவதைகளை ஒரு சூனியக்காரி ஆம்பல்களாக்கிவிடுகிறாள். இரவில் மட்டும் அவர்கள் பூவிலிருந்து எழுந்து ஆடலாம். சூனியக்காரியின் குரலாக ஒலிப்பது பெருநாட்டுப் பாடகி ஈமா சுமாக்கின் குரல். தவளைகள் வாத்தியம் வாசிக்கின்றன. நமக்குத் தெரிந்த இந்தியா அதில் எங்கேயும் இல்லை, தேடவும் வேண்டாம். இருளில் ஒவ்வொரு பூவாக விரிந்து, உள்ளே ஒரு சிற்றுருவம் எழும் அந்த நிதானத்தைப் பாருங்கள். அடுத்த பூ எப்போது விரியும் என்று நம்மை ஒரு கணம் காக்கவைத்துவிட்டுத்தான் விரிக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய பொறிகள்தான். காலக்கணக்கு தெரிந்தவர்கள் செய்தவை என்பதால் பழசாகவில்லை.

பீக்குக்குப் பிறகு அந்தக் காலக்கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டவர் டோன் வான் டெ வென். ஆயிரத்தோர் இரவுகளின் நகரத்துக்குள் படகில் அழைத்துப்போகும் ஃபாட்டா மொர்கானா (1986), தொங்கும் இருக்கைகளில் தேவதைகளின் காட்டைக் கடக்கும் ட்ரோம்விளுக்ட் (1993) இரண்டும் அவர் வடிவமைத்தவை. இரண்டுக்கும் இசை ரூட் போஸ். ட்ரோம்விளுக்டின் கடைசியில் இருக்கை சுருளாக வேகமெடுத்து இறங்கும். அதுவரை மிதந்துகொண்டிருந்த உடம்பு சட்டென்று தன் கனத்தை உணரும். 2017இல் வந்த சிம்போலிக்கா அரண்மனை செல்வச் செழிப்பானதுதான், தண்டவாளம் இல்லாமலே வண்டிகள் ஓடுகின்றன. ஆனாலும் ட்ரோம்விளுக்டின் கட்டுக்கோப்பு அதில் இல்லை என்பது என் எண்ணம்.

டோன் வான் டெ வென்னின் உச்சம் 1996இல் வந்த வில்லா வோல்டா. என்னைக் கேட்டால், பூங்காவின் உச்சமும் அதுதான். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஹியூகோ, செய்த பாவத்துக்குச் சாபம் பெற்றவன். பச்சிளங்குழந்தையின் மனத்தூய்மை உள்ள ஒருவர் வரும்வரை அவன் வீட்டில் அமைதி கிடையாது. முன்னறைகளில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பெரிய அறைக்குள் போகிறோம். எதிரெதிரே நீண்ட பெஞ்சுகள், மடியில் ஒரு தடுப்புக் கம்பி. பெஞ்சு லேசாக ஆடத் தொடங்குகிறது. அப்புறம் அறை நகர்கிறது. சுவர் கீழே போகிறது, தரை பக்கவாட்டில் ஏறுகிறது, கூரை காலடிக்கு வந்துவிடுகிறது. நாம் தலைகீழாகத் தொங்குவதாக உடம்பு சத்தியம் செய்கிறது.

உண்மையில் பெஞ்சு ஊஞ்சல் அளவுக்குத்தான் ஆடுகிறது. முழுச் சுற்று சுற்றுவது நம்மைச் சூழ்ந்திருக்கும் வீடு. நின்றுகொண்டிருக்கும் ரயிலில் நாம் உட்கார்ந்திருக்க, பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பினால் நம் ரயில்தான் போகிறது என்று தோன்றுமே, அதே ஏமாற்றுதான். 1890களிலேயே அமெரிக்கப் பொருட்காட்சிகளில் இப்படியொரு சுழலும் அறை இருந்தது. அந்தப் பழைய வித்தையை டச்சு நிறுவனமான வெகோமா நவீன இயந்திரங்களோடு முதன்முதலில் கட்டியது இங்கேதான். பிறகு உலகின் பல பூங்காக்களுக்கும் போனது. இரண்டாம் முறை உட்கார்ந்தபோது நான் நடுவில் கண்களை மூடிக்கொண்டேன். வெறும் ஊஞ்சல்தான். திறந்தேன், மறுபடி தலைகீழ். ரகசியம் தெரிந்த பிறகும் கண் அடங்கவில்லை. இசை ஏறும் வேகமும், பெஞ்சின் சிறு சாய்வும், வீட்டின் பெருஞ்சுழற்சியும் கச்சிதமாக ஒன்றோடொன்று இசைந்து போகின்றன. பின்னால் வந்த நகல்கள் பலவற்றிலும் வீடு சுற்றும், ஆனால் ஏன் சுற்றுகிறது என்பதற்குக் கதை இருக்காது. ஹியூகோவின் வீடு அவன் மனச்சாட்சியால் சுற்றுகிறது.

ரோலர் கோஸ்டர் பிரியர்களுக்கும் ஏமாற்றம் இல்லை. 'பாரன் 1898' கோஸ்டர் சுரங்கத்துக்குள் செங்குத்தாக விழுகிறது. மரத்தாலான 'யோரிஸ்' கோஸ்டரின் இரண்டு ரயில்கள் ஒன்றோடொன்று பந்தயம் போடுகின்றன. ஒரு முறை ஏறிப் பாருங்கள், பிறகு காட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

1978இல் திறந்த பழைய பேய்க்கோட்டையை 2022இல் மூடினார்கள். ரசிகர்கள் பலருக்கு அது துக்கம். அந்தக் கோட்டையில் பேய்கள் ஆடியது இசையமைப்பாளர் சான்-சான்ஸின் 'டான்ஸ் மகாப்ர' இசைக்கு. அதே இடத்தில் 2024 அக்டோபர் 31 அன்று திறந்த புதிய ரைடுக்கு அந்த இசையின் பெயரையே வைத்து, அந்த இசையையே நடுநாயகமாக்கியிருக்கிறார்கள். இடித்த கட்டடத்துக்கு இதைவிட நல்ல மரியாதையை ஒரு பூங்கா செய்து நான் பார்த்ததில்லை.

நெதர்லாந்து போகிறவர்கள் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களோடும் டியூலிப் தோட்டத்தோடும் திரும்பிவிடாதீர்கள். எஃப்டெலிங்குக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். தேதி குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது, பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்ப்பது அதைவிட நல்லது. குழந்தைகள் கூட இல்லையே என்று தயங்க வேண்டாம். கைப்பையில் கொஞ்சம் காகிதம் மட்டும் இருக்கட்டும்.