ஏடு தொகுத்தவர் எவர்?

தென்னாட்டு ஊர் வரலாறுகளையும் பழங்கதைகளையும் ஆராயப் புகுவோர் கர்னல் காலின் மெக்கன்சியின் பெயரைக் கேளாதிரார். தலபுராணம், பாளையக்காரர் வமிசாவளி, கோயில் மானியக் கணக்கு, கல்வெட்டுப் படி, கிழவர் வாய்க்கதை ஆகிய அனைத்தையும் திரட்டி வைத்த பெருந்தொகுப்பு அவர் பெயராலேயே வழங்குகின்றது. அத்தொகுப்பினால் தமிழர் அடைந்த நன்மை பெரிது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது எவருடைய உழைப்பால் விளைந்தது என்னும் கேள்வியை எழுப்புவோர் நம்மவருள் மிகச் சிலரே.

மெக்கன்சி ஸ்காத்துலாந்தைச் சார்ந்த லூவிஸ் என்னும் தீவில் பிறந்தவர். 1783-இல் சென்னைக்கு வந்து கும்பினிப் படையில் பொறியாளர் ஆனார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் வேலை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1811-இல் ஆங்கிலப் படையுடன் யாவாவுக்குச் சென்று, இரண்டாண்டு அங்கும் பழம்பொருள்களைத் தேடினார். 1815-இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளரானார், 1821-இல் இறந்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் நூற்சுவடிகள் 1,568, ஊர் விருத்தாந்தங்கள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076 என்று 1828-இல் வில்சன் என்பார் வெளியிட்ட அட்டவணை கணக்குக் காட்டுகின்றது.

இவ்வளவையும் சேர்த்தவர் தென்னாட்டு மொழிகளில் ஒன்றையேனும் தாமாகக் கற்று வாசிக்க வல்லவர் அல்லர். இது நாம் கட்டிச் சொல்லும் பழி அன்று. மெக்கன்சியே 1817-இல் தம் நண்பர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு மொழியறிவு வாய்க்காத குறையையும், 1796-இல் இலங்கையிலிருந்து மீண்டபின் காவலி வெங்கட போரய்யா என்னும் இளைஞர் கிடைத்ததனாலேயே இந்நாட்டு அறிவின் வாயில் தமக்குத் திறந்ததையும் ஒளியாது சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை நாம் மதிக்கின்றோம். போரய்யா 1803-இல் இளமையிலேயே மாண்டார். அவருக்குப்பின் தம்பி லட்சுமய்யா அப்பணியை ஏற்று நடத்தினார். இவர்களும் இவர்கள் கீழிருந்த பண்டிதர்களுமே வினாப் பட்டியலைக் கையிற்கொண்டு ஊரூராய் நடந்தவர்கள். கர்ணங்களையும் குருக்களையும் இரந்து ஏடு கேட்டவர்கள். துரை ஆள் வந்து பழங்கணக்கைக் கேட்டால் வரி உயர்த்தவோ, மானியம் பறிக்கவோ என்று குடிகள் அஞ்சி ஏட்டை மறைத்ததும் உண்டு. அந்த அச்சத்தைப் போக்கி, கேட்டதை எழுதி அனுப்பியதே கைபீது எனப்படுவது.

தோட்டத்து அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வெயிலில் நின்று பேர்பேராய்க் குறித்தவர் ஒருவர். பேரேட்டின் அடியில் கையொப்பமிட்டவர் மற்றொருவர்.

வில்சனின் அட்டவணைக்கு வருவோம். அவர் வடமொழியில் பெரும் புலமை உடையவர். தமிழோ தெலுங்கோ கன்னடமோ அறியாதவர். லட்சுமய்யா முதலியோர் எழுதிக் கொடுத்த சுருக்கங்களைக் கொண்டே தென்மொழி ஏடுகளை அவர் மதிப்பிட்டார். ஆதலின் அவ்வட்டவணை ஏரி வெட்டிய கதையையும், எல்லைச் சண்டையையும், தெய்வமான பெண்ணின் வரலாற்றையும் பலவிடத்து 'இன்ன ஊர் விருத்தாந்தம்' என்ற ஒரே வரியில் அடக்கிவிடுகின்றது. பெயர்ப்பட்டி என்ற அளவில் அது பயன்படும். அதனைத் தீர்ப்பாகக் கொள்வது பிழை.

இதனினும் நம் நெஞ்சை உறுத்துவது 1836-இல் நிகழ்ந்தது. விட்ட இடத்திலிருந்து அப்பணியைத் தாம் தொடர விரும்புவதாக லட்சுமய்யா விண்ணப்பித்தார். இருபதாண்டுக்கு மேல் அதில் ஊறியவர் அவர். அவரினும் தகுந்தவர் யார்? வங்காள ஆசியச் சங்கத்தார் அதனை ஏற்கவில்லை. பலவற்றை ஒப்பிட்டுப் பொதுமை காணும் தலைமை இந்தியர் ஒருவருக்கு இயலாது. துணையாளாய் இருக்கலாம் என்பதே அவர்கள் கருத்தின் சாரம். பணி பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் சென்றது. அவர் முயற்சியுடையவரே, ஆனால் அவர் முடிபுகள் பலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இவ்வளவு சொல்லியதனால் அத்தொகுப்பில் உள்ளதெல்லாம் மெய் என்று நாம் வாதிப்பதாக எண்ண வேண்டா. கொங்குதேச ராசாக்கள் என்னும் தமிழ் உரைநடை ஏட்டை எடுத்துக்கொள்வோம். அரசர் வரிசையை அழகாகக் கூறிச் செல்லும் அதன் காலக்கணக்கைக் கல்வெட்டின் துணையின்றி நம்புதல் ஆகாது. ஆனால் கொங்கு நாட்டார் தம் பழமையை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அதைப் போன்ற சான்று வேறு ஏது? மற்றொரு குறையும் உண்டு. கேட்கப்பட்டோர் பெரும்பாலும் கணக்கெழுதுவோரும் கோயிலுடையோரும் பாளையக்காரருமே. இடங்கை வலங்கை வழக்குகள் ஏட்டில் ஏறின. நாற்று நட்டவளின் கதையைக் காண்பது அரிது. போரய்யாவின் உடன்பிறந்தார் துரையைவிட ஊரை நன்கறிந்தவர். எனினும் அவரும் மேற்குலத்தாரே. சேரியின் வாயிலில் நின்று கேட்க அவர்க்குத் தோன்றவில்லை போலும்.

அக்குடும்பத்தின் மற்றொருவர், காவலி வெங்கட ராமசாமி, 1829-இல் தக்காணப் புலவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதித் தம் பெயராலேயே கல்கத்தாவில் அச்சிட்டார். வில்சனின் பட்டியைப் புரட்டுவோர் இதனையும் ஒருமுறை புரட்டுவாராக.

தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1816-இல் தீட்டிய மெக்கன்சியின் படம் இலண்டனில் இருக்கிறது. செந்நிறச் சட்டையணிந்து துரை நடுவே நிற்கிறார். பின்னே குன்றின்மேல் கார்கலத்துக் கோமடேசுவரர். சேவகர் கிருஷ்ணாஜி தொலைநோக்கியைத் தாங்கியுள்ளார். லட்சுமய்யா அருகில் நிற்கிறார். ஓலைச்சுவடி துரையின் கையில் இல்லை; சைன பண்டிதர் தர்மய்யாவின் கையில் இருக்கிறது.