அட்டைக் காமிரா

கையாலே காமிரா செய்து பார்க்கும் பிரியர்களுக்கு மிரோஸ்லாவ் டிஹி ஒரு குலதெய்வம். செக் நாட்டில் கியோவ் என்ற சிற்றூரில் வாழ்ந்து 2011-ல் மறைந்தவர். பிராக் நகரில் ஓவியம் பயின்றவர். அட்டை, ஒட்டுப்பலகை, நூல்கட்டை, ரப்பர் நாடா இவைதாம் அவருடைய காமிரா. லென்ஸோ, பிளாஸ்டிக் துண்டை உப்புத்தாளில் தேய்த்து, பற்பசையும் சிகரெட் சாம்பலும் போட்டு மெருகேற்றியது!

அதன் வழியே விழுந்த உருவங்கள் பனிமூட்டத்தில் கண்டவை போல் கரைந்து நிற்கின்றன. 2004-ல் செவில் நகரக் கலைவிழாவில் அவற்றைக் காட்டியபோது ரசிகர்கள் சொக்கிப் போனார்கள். நானும் சொக்கியவன்தான்.

ஆனால், படத்தில் இருப்பவர்கள் யார்? நீச்சல் குளத்தங்கரையிலும் தெருவிலும் கண்ட பெண்கள். பெரும்பாலோருக்குப் படம் எடுப்பதே தெரியாது. அந்த அட்டைப் பெட்டியை யார் காமிரா என்று நம்புவார்கள்? ஏழ்மைக் கோலமே நல்ல மறைவிடமாகிவிட்டது. லென்ஸின் கதையைச் சொல்லிப் புளகாங்கிதம் அடைகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கதை எழுதுகிற நானும் அண்டை அயலாரைக் கேட்டுக்கொண்டா எழுதுகிறேன்? இல்லைதான். ஆனால் முகத்தை மாற்றிவிடுகிறேன். டிஹியின் மங்கல் லென்ஸும் பல படங்களில் அந்த உபகாரத்தைச் செய்திருக்கிறது; அவை அருமையான படங்கள். முகம் தெளிவாக விழுந்துவிட்ட படம் வந்தால் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.