முஸத்திலாலும் நாமும்: பங்கஜ் கபூரின் நகைச்சுவை நடிப்பு

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அதற்கடுத்த இடத்தை அழுகைக்கு அளித்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும் என்பதும் அவர் கூற்றே. எள்ளலுக்கு உரை காணப் புகுந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் என அதனை இருவகைப்படுத்தினார். நம் இல்லங்களுக்குள் நாள்தோறும் வந்து சேரும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை மதிப்பிட இப்பழைய அளவுகோலே போதுமானது. அதனைக் கைக்கொண்டு, இந்தித் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகர்களுள் தலையாயவர் என நான் கருதும் பங்கஜ் கபூரின் கலைவாழ்வை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ச் சங்க மலரில் இந்தி நடிகரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவர் தமிழருக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1992-இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'ரோஜா'வில், காஷ்மீரத் தீவிரவாதிகளின் தலைவன் லியாகத்தாக வந்து, கொடுமையினூடே ஒரு மனிதனின் உள்ளத்தைக் காட்டியவர் அவரே. எனினும் அவர்பால் நமக்குள்ள உறவுக்கு வேறொரு காரணமும் உண்டு. பிழைப்பின் பொருட்டு வடக்கே குடியேறிய நம்மைப்போல், நன்கு பேச வராத மொழியில் ஒரு மேசையின் முன் மனுவோடு நின்றவர்களுக்கு அவருடைய கலை பிறரைவிடச் சற்று நன்றாகவே விளங்கும்.

பங்கஜ் கபூர் 1954-இல் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தார். தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயின்று 1976-இல் தேர்ச்சி பெற்றார். அது இப்ராஹிம் அல்காஸி தலைமையில் அப்பள்ளி புகழ் பெற்று விளங்கிய காலம். பின்னர், ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) படத்தில் அண்ணலின் செயலாளர் பியாரேலாலாகத் தோன்றினார். அப்படத்தின் இந்தி வடிவத்தில் காந்தியடிகளாக நடித்த பென் கிங்ஸ்லிக்குக் குரல் கொடுத்தவரும் இவரே. திரையில் பணிவோடு அருகில் நிற்கும் உதவியாளர், அதே படத்தில் தலைவரின் குரலாகவும் ஒலித்தார். பேசுபவனின் நிலையையும் கேட்பவனின் நிலையையும் ஒருசேர அறிந்த நடிகர் என்பதற்கு இது நல்ல தொடக்கம்.

அடுத்த ஆண்டில் குந்தன் ஷா இயக்கிய 'ஜானே பி தோ யாரோ' வெளியாயிற்று. அதில் இவர் ஏற்றது தர்னேஜா என்னும் கட்டட ஒப்பந்தக்காரரின் வேடம். நகராட்சி ஆணையரைப் பணத்தால் வளைக்கும் இந்தப் பெரிய மனிதரைப் புன்னகை மாறாத நாகரிகத்தோடு அவர் படைத்துக் காட்டினார். அலுவலகத்தைக் கெடுப்பவன் எவ்வளவு இனிமையாகப் பேசுவான் என்பதை அன்று காட்டிய நடிகர், கெட்டுப்போன அலுவலகத்தில் அல்லல்படுபவனாகப் பிற்காலத்தில் வந்தார் என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

1985-இல் தூர்தர்ஷனில் வந்த 'கரம்சந்த்' இவருடைய பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கேரட்டைக் கடித்துக்கொண்டே குற்றங்களைத் துப்புத் துலக்கும் கரம்சந்தையும், அவரிடம் ஓயாது திட்டு வாங்கும் உதவியாளர் கிட்டியையும் அக்கால இளைஞர்கள் இன்றும் மறந்திலர். ஆயினும் அது நடை, உடை, பழக்கம் ஆகிய புறக்கோலங்களால் விளைந்த நகை. அதனினும் ஆழ்ந்த நகைக்கு அவர் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின.

இடையில் 1990-இல் தபன் சின்ஹாவின் 'ஏக் டாக்டர் கீ மௌத்' வெளிவந்தது. தொழுநோய்க்குத் தடுப்பு மருந்து காண முயலும் மருத்துவர் ஒருவரை மேலதிகாரிகளின் பொறாமையும் துறையின் ஆணைகளும் ஒடுக்குவதே அதன் கதை. அதில் நடித்தமைக்காக இவருக்குத் தேசியத் திரைப்பட விருதுக் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அலுவலக இயந்திரத்தின் சக்கரத்தில் அகப்பட்ட மனிதனின் அழுகையை இவர் நகைக்கு முன்னரே நடித்துவிட்டார். பின்னர் வந்த நகையின் அடியில் ஈரம் இருந்ததற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

1993-இல் வந்த 'ஸபான் சம்பால்கே' என்னும் தொடரை நம்மவர் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். 1977-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்ற தொடரின் தழுவல் அது. மூலத்தில் பல நாட்டார் ஆங்கிலம் கற்க வருவர். தழுவலில் பல மாநிலத்தாரும் அயல்நாட்டாரும் இந்தி கற்க வருவர். தென்னாட்டார் ஒருவரும் அவர்களுள் உண்டு. மாணவர்களின் உச்சரிப்பே நகைப்பொருள். பேராசிரியர் கூறிய எள்ளலின் இரண்டாம் வகை இங்கே நம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. நம் உச்சரிப்பைப் பிறர் எள்ளும்போது நாமும் உடன் சிரித்த நாட்கள் எத்தனை! பள்ளியில் நம் பிள்ளைகள் சிரித்தவாறே விழுங்கிய கேலிகள் எத்தனை! மாநிலத்தாரை ஒவ்வோர் அச்சில் வார்த்துவிட்ட குறையிலிருந்து அத்தொடரை விடுவிக்க இயலாது.

ஆனால் ஆசிரியர் மோகன் பாரதியாக வந்த பங்கஜ் கபூரை அந்தக் குறை தீண்டவில்லை. பொறியியல் கற்றும் தக்க வேலை கிடைக்காமல் இந்தி கற்பிக்க வந்தவர் அந்த ஆசிரியர். அவருக்குச் சலிப்பு வரும், சினமும் வரும். தவறாகப் பேசுபவனை இழிவாக நோக்கும் பார்வை மட்டும் வருவதில்லை. மாணவன் தட்டுத் தடுமாறிச் சொல்லும் வாக்கியம் முடியும்வரை அவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் ஒரு மரியாதை இருக்கிறது.

காத்திருத்தலே பிற்காலத்தில் அவருடைய மிகச்சிறந்த படைப்பின் உயிராயிற்று. 2001-இல் 'சப்' தொலைக்காட்சியில் ராஜீவ் மெஹ்ராவின் இயக்கத்தில் தொடங்கிய 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரைக் காணாத நடுவணரசு ஊழியர் குடும்பம் வடக்கே அரிது. முஸத்திலால் என்னும் எளிய மனிதர் நியாயமான சிறு காரியம் ஒன்றுக்காக ஓர் அலுவலகத்தில் நுழைவார். வாரந்தோறும் அலுவலகம் மாறும். உள்ளே இருப்பவர்கள் மாறமாட்டார்கள். தின்றுகொண்டே இருக்கும் பாட்டியா, வெற்றிலைப் பீடா மெல்லும் சுக்லா, எதற்கும் 'இரண்டு விஷயம்' சொல்லும் பட்டேல், உஷா, பாண்டே ஆகிய ஐவரும் எல்லா அலுவலகத்திலும் அமர்ந்திருப்பர். எந்த வாயில் வழியாகப் புகுந்தாலும் அதே முகங்கள்தாம் என்ற இந்த உத்தி நூறு வசனங்களுக்கு நிகரானது.

மனோஜ் பாஹ்வா, சஞ்சய் மிஸ்ரா, தேவன் போஜானி முதலிய தேர்ந்த நடிகர்கள் நடுவில் பங்கஜ் கபூர் செய்வது மிகக் குறைவு. வேடிக்கையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கத்தில் நிகழ்கிறது. அவர் கேட்கிறார், ஐயத்தோடு தலையசைக்கிறார், நம்பிக்கை கொள்கிறார், அது போனதும் முகத்தில் ஒரு நொடி இருள் படர, மீண்டும் பணிவைத் தேடி எடுத்து அணிந்துகொள்கிறார். ஊழியர்களைப் பார்த்து நாம் சிரிப்பது எள்ளல். முஸத்திலாலைக் கண்டு சிரிப்பதோ, விதியை நம்பும் அவருடைய பேதைமையைக் கண்டு சிரிப்பது. விதிப்படி நடந்தால் காரியம் முடியும் என்று நம்புவது பேதைமையாகக் கருதப்படும் நாட்டில் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை; அழுகை அடுத்த இடத்தில் காத்திருக்கிறது.

'முஸத்தி' என்னும் சொல்லின் பொருளே எழுத்தர், கணக்கர் என்பது. முகலாயர் ஆட்சியின் அலுவல் மொழியில் வழங்கிய 'முதஸத்தி' என்ற சொல்லின் திரிபு அது. அலுவலகத்தில் அலைக்கழியும் மனுதாரருக்குக் குமாஸ்தாவின் பெயர்! கோப்புகளின் நடுவே பிழைப்பு நடத்தும் எழுத்தனாகிய எனக்கு இப்பெயர் தரும் பொருள் தெளிவானது. இன்று மேசைக்கு இப்பால் அமர்ந்திருப்பவன் ஓய்வு பெற்ற மறுநாளே அப்பால் நிற்கப்போகிறவன். இத்தொடரிலிருந்து பிறந்து 2011-இல் வந்த திரைப்படத்தில், உயிரோடிருக்கும் முஸத்திலாலை ஓய்வூதிய அலுவலகம் இறந்தவராகப் பதிவு செய்துவிடுகிறது. இதனை வெறுங்கற்பனை என்று தள்ள இயலாது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளிக்க வேண்டியவர்கள். 2014-இல் அதற்கு மின்னணு முறை வந்தது. விரல்ரேகை தேய்ந்து கருவி ஏற்க மறுக்கும் முதியவர்களின் கவலை அதனால் முற்றும் தீர்ந்துவிடவில்லை.

எனினும் இத்தொடரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'ஜானே பி தோ யாரோ'வின் எள்ளல் மேல்நோக்கிச் சென்றது. ஒப்பந்தக்காரரிலிருந்து ஆணையர்வரை அது எட்டிற்று. 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரின் எள்ளல் பெரும்பாலும் குமாஸ்தாவின் மேசையோடு நின்றுவிடுகிறது. நிரப்பப்படாத பணியிடங்கள், ஒன்றோடொன்று முரண்படும் ஆணைகள், மேலிருந்து வரும் வாய்மொழிக் கட்டளைகள் ஆகியவை திரையில் இடம்பெறவில்லை. கையூட்டு வாங்கும் கை தெரிகிறது. அந்தக் கைக்கு மேலுள்ள கைகள் தெரிவதில்லை. மக்களின் சினம் முழுவதும் கடைநிலை ஊழியன்மேல் வந்து விழுவது மேலே இருப்பவர்களுக்கு வசதியானதே. ஒரே சொல்லையும் செய்கையையும் வாரந்தோறும் காட்டும்போது நகை நைந்துபோவதும் மற்றொரு குறை.

இவ்விரு குறைகளும் கதையமைப்பைச் சார்ந்தவை, நடிகரைச் சார்ந்தவையல்ல. அவர் ஊழியர்களை வெறுக்கவில்லை. அவர்களிடத்தும் ஒரு நல்ல சொல் இருக்கும் என்று கடைசிவரை எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு மேசைக்கு இப்பால் உள்ளவனைச் சுடுகிறது. வசைச் சொல்லைக் கேட்டுப் பழகிய செவிக்கு, நம்பிக்கையோடு வந்து நிற்பவனின் மௌனம் பொறுக்க முடியாததாகிறது.

அவருடைய திறத்தின் அகலம் காண விரும்புவோர், விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' படத்தைப் பார்க்க வேண்டும். 'மாக்பெத்' நாடகத்தின் தழுவலாகிய அதில், நிழலுலகத் தலைவர் அப்பாஜியாக நடித்துத் தேசிய விருது பெற்றார். அப்பாஜியும் மெல்லப் பேசுபவர், அசையாது அமர்ந்திருப்பவர். அங்கே பிறர் அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கின்றனர். முஸத்திலாலோ பிறர் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறார். அதே உடல், அதே அமைதி. ஒன்றில் அதிகாரம், மற்றொன்றில் அதிகாரமின்மை. ஏறத்தாழ ஒரே காலத்தில் இவ்விரண்டையும் ஒருவரே செய்து காட்டியது சாதனையே.

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பல மேசைகளில் கணினி அமர்ந்தது. முஸத்திலாலின் வரிசை சில இடங்களில் குறுகியிருக்கிறது, மறைந்துவிடவில்லை. நம் இளைஞர்களில் பலர் நாளை ஏதேனும் ஒரு மேசைக்கு இப்பால் அமரப்போகிறவர்கள். அத்தொடரின் சில பகுதிகளை அவர்களோடு அமர்ந்து பாருங்கள். ஐவரின் வேடிக்கையில் அவர்கள் சிரிக்கட்டும். ஆனால் இடையிடையே எதிரே நிற்கும் மனிதரின் முகத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம் தந்தையர் இவ்வூருக்கு வந்த புதிதில், மொழி தெரியாமல், குடும்ப அட்டைக்காக அந்த இடத்தில்தான் நின்றார்கள் என்பதையும் உடன் சொல்லுங்கள்.