லேகியமும் ராதாரிச் சீட்டும்: விமான நிலைய விதிகளைப் பிரதியாக வாசித்தல்

சென்ற ஆண்டு தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவைச் சார்ஜாவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அது முதல் விமானப் பயணம். கைப்பையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பிரசவ லேகியம். பெட்டியில் போட்டால் தூக்கி எறிந்து உடைத்துவிடுவார்கள் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சோதனையில் பை தனியாக ஒதுக்கப்பட்டது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்து இந்தியில் ஏதோ கேட்டார் சீருடையிலிருந்த பெண். "மருந்தும்மா, பிள்ளை பெத்தவளுக்கு. வேணும்னா ஒரு வாய் தின்னு காட்டட்டுமா?" என்றார் அம்மா. பதில் ஆங்கிலத்தில், இரண்டே சொல்: நாட் அலவுட். பாட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளால் கருவி கத்தி, திரைக்குப் பின்னால் போய்வந்திருந்தார். அந்த இரண்டு நிமிடம் பற்றி இதுவரை எதுவும் சொன்னதில்லை.

இதை அனுபவக் கட்டுரையாக எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த 'நாட் அலவுட்' எந்தப் பிரதியிலிருந்து உருவி எடுக்கப்பட்ட வாக்கியம் என்பதே என் கேள்வி.

விமான நிலைய விதிப்பட்டியலை ஒரு வரலாற்று நூலாக வாசிக்கலாம். ஆண்டுகளும் பெயர்களும் அழிக்கப்பட்ட வரலாற்று நூல். 100 மில்லி லிட்டருக்கு மேல் திரவமோ பசையோ சர்வதேச விமானத்தில் கைப்பையில் கூடாது என்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது 2006 ஆகஸ்டு 10: குளிர்பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருளை அடைத்து லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் ஏற்றும் திட்டம் வெளிப்பட்ட நாள். செருப்பைக் கழற்று என்பதன் பின்னால் 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருளோடு பாரிசிலிருந்து விமானமேறிய ஒருவன். அந்த ஒருவனுக்காகப் பல ஆண்டுகள் அமெரிக்க விமான நிலையங்களில் கோடிக்கணக்கான பேர் செருப்பைக் கழற்றினார்கள். 2025 ஜூலையில்தான் அங்கே அதைக் கைவிட்டார்கள். பயணி இல்லாமல் அவர் பெட்டி மட்டும் பறக்கக் கூடாது என்ற விதியின் அடியில் 1985 ஜூன் 23 கிடக்கிறது. வான்கூவரில் ஏற்றப்பட்ட பெட்டிக்கு உரியவர் விமானம் ஏறவேயில்லை. ஏர் இந்தியாவின் கனிஷ்கா 329 பேரோடு அயர்லாந்துக்கு அருகே கடலில் விழுந்தது. அதே நாளில் டோக்கியோ நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்து மூட்டை தூக்கும் தொழிலாளிகள் இருவர் செத்தார்கள். கனிஷ்காவை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட அந்த இருவரைச் சொல்வதில்லை.

ஆனால் இந்த வரலாற்றில் நமக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1984 ஆகஸ்டு 2 இரவு மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்தில் ஏற்றும் நோக்கத்தோடு கொண்டுவரப்பட்ட பெட்டிகள் விமானம் ஏறாமல் நிலையத்துக்குள்ளேயே தங்கி வெடித்தன. 30 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். கொண்டுவந்தவர்கள் ஈழ இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். 83 ஜூலைக்கு மனம் கொதித்து எழுதியவர்கள் நாம், எழுதியதும் சரி. ஆனால் நான் வாசித்த சிற்றிதழ்களில் மீனம்பாக்கத்துப் பிணங்களைப் பற்றி ஒரு பத்திகூடப் பார்த்த நினைவில்லை. அதிகாரத்தின் வன்முறையைக் கட்டுடைக்கத் தெரிந்த நாம், நமக்குப் பிடித்தவர்களின் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்கத் தயங்கினோம். எனவே, 'சோதனை என்பதே அதிகாரத்தின் வன்முறை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் அந்த முப்பது பேர் அன்றிரவு வீடு போயிருப்பார்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பிரதியை வாசிக்கத் தொடங்குவது அயோக்கியத்தனம்.

சரி, ஒப்புக்கொண்டாச்சு. இனி அந்தப் பிரதிக்குள் போகலாம்.

நம்மூர் விமான நிலையங்களில் சோதனை வாயிலருகே ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். சோதனையிலிருந்து விலக்குப் பெற்றோர் பட்டியல். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர், முன்னாள் குடியரசுத் தலைவர்கள், உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி, மக்களவைத் தலைவர், ஆளுநர்கள், முதலமைச்சர்கள், தூதர்கள் என்று நீண்டு தலாய் லாமாவையும் சேர்த்துக்கொள்கிற பட்டியல். பதவி ஏதுமில்லாத ஒரு மருமகனின் பெயரும் 2015 வரை அதில் இருந்தது. விதிகளிலேயே முக்கியமான பகுதி இந்தப் பலகைதான் என்பேன். வெடிகுண்டு எங்கே இருக்கலாம் என்ற கேள்விக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. யாருடைய உடல் தொடத்தக்கது, யாருடைய உடல் தொடத்தகாதது என்ற பழைய கேள்விக்குப் புதிய அலுமினியப் பலகை இது. (தீண்டாமை என்ற சொல் மேலேயும் வேலை செய்யும் என்பது ஒரு விசித்திரம்.)

2009இல் தில்லியில் அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தார் சோதித்தபோது நாடாளுமன்றமே கொந்தளித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011இல் நியூயார்க்கில் விமானத்துக்குள் வந்து அவருடைய மேல்சட்டையையும் காலணியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுபடி கொந்தளிப்பு, மறுபடி மன்னிப்பு. கலாம் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கோபப்பட்டவர்கள் யாரும், இப்படித் தொடப்படுவது அவமானம் என்றால் தினமும் தொடப்படுகிறவர்களுக்கும் அது அவமானம்தானே என்று கேட்கவில்லை. பட்டியலில் இருப்பவரைத் தொட்டுவிட்டார்களே என்பதுதான் ஆத்திரம். 2021 அக்டோபரில் செயற்கைக் காலை ஒவ்வொரு முறையும் கழற்றச் சொல்கிறார்கள் என்று நடனக் கலைஞர் சுதா சந்திரன் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தார். உடனே மன்னிப்புக் கேட்டார்கள். அவர் புகழ்பெற்றவர், குரல் போய்ச் சேர்ந்தது. காலை இழந்த ஒரு கட்டடத் தொழிலாளி வளைகுடாவிலிருந்து திரும்பும்போது யாருக்கு வேண்டுகோள் விடுப்பார்?

விலக்குகள் எப்படிக் கிடைக்கின்றன என்று பார்த்தால் இந்தப் பிரதியின் இலக்கணம் பிடிபடும். உள்நாட்டு விமானங்களில் சீக்கியர்கள் அளவு குறிப்பிட்ட கிர்பான் வைத்துக்கொள்ளலாம். சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையிலேயே கொண்டுபோகலாம் என்று 2024 அக்டோபரில் அனுமதி வந்தது, 2025 ஜனவரி 20 வரை. அதுவரை தேங்காய்க்குத் தடை. கொப்பரை எளிதில் தீப்பற்றும் என்பது காரணம். இரண்டு விலக்கும் சரியென்றே நினைக்கிறேன். கேட்க வாயுள்ள சமயம், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் என்ற ஏற்பாடு இருந்தால் விதி வளைகிறது. லேகியத்துக்கு ஏது அமைச்சர்?

மருந்துக்கு விலக்கு உண்டே என்பீர்கள். உண்டு. மருத்துவரின் சீட்டு வேண்டும். இங்கேதான் ஃபூக்கோ சொன்ன அறிவு/அதிகாரம் என்ற இரட்டையைப் புத்தகத்தில் தேடாமல் கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று கிண்டிக் கிளறிப் பதம் பார்த்து இறக்கிய என் அம்மாவின் அறிவுக்குச் சீட்டு எழுதும் உரிமை கிடையாது. சீட்டில்லாத அறிவு வெறும் பசை. பசை என்றால் 100 மில்லி. உண்மையில் அந்தச் சோதனையாளரும் படித்துப் புரிந்து செய்யவில்லை. அவரும் பட்டியலை ஒப்பிக்கிறவர்தான், பன்னிரண்டு மணிநேரம் நின்றுகொண்டு. பிரதி எங்கோ எழுதப்படுகிறது. வாசலில் இருப்பவருக்கும் அது புரியாது, கையில் பாட்டிலோடு நிற்பவருக்கும் புரியாது. மொழியும் வேறு. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்னதற்கு 'நீங்கள் இந்தியரா' என்று பாதுகாப்பு அதிகாரி தன்னைத் திருப்பிக் கேட்டதாகக் கனிமொழி எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினருக்கே அப்படி. வரிசைகளும் ஆண், பெண் என்று இரண்டுதான். எந்த வரிசையில் நின்றாலும் யாரோ முறைக்கிறார்கள் என்று ஒரு திருநங்கைத் தோழி சொன்னார்.

மேற்கின் கோட்பாட்டாளர்களும் இங்கே முழுசாக உதவுவதில்லை. அமெரிக்கா விசாவில் வருகிறவர்களின் கைரேகையைப் பதியத் தொடங்கிய 2004இல், இத்தாலியச் சிந்தனையாளர் அகம்பென் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தாம் நடத்தவிருந்த வகுப்பையே கைவிட்டார். கைரேகை எடுப்பதை நாஜி முகாம்களில் குத்தப்பட்ட பச்சையோடு ஒப்பிட்டு எழுதினார். நல்ல கோபம். குற்றவாளிகளுக்குச் செய்ததைக் குடிமக்களுக்கும் செய்கிறார்களே என்ற அதிர்ச்சி அதில் இருக்கிறது. நமக்கு இந்த அதிர்ச்சி கொஞ்சம் தாமதமாக வந்ததாகப் படுகிறது. கைரேகைப் பதிவகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் வகைப்பாட்டு முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். முறைக்குப் பெயர் கிடைத்தது எட்வர்ட் ஹென்றிக்கு. மதுரைப் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். கள்ளர் நாட்டில் ஒருவர் வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று எழுதி. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். குறவர் தொடங்கி எத்தனையோ சாதிகளுக்கு இதே கதை. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது.

2022 டிசம்பரில் தில்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி 'டிஜி யாத்ரா' வந்திருக்கிறது. முகத்தைப் பதிந்துவிட்டால் வரிசையில் நிற்காமல் விறுவிறுவென்று போகலாம். கட்டாயமில்லை, விருப்பம்தான் என்கிறார்கள். ராதாரிச் சீட்டை அன்று பயந்து வாங்கினார்கள். இன்று அதை முகத்திலேயே வைத்துக்கொண்டு, வரிசை குறைந்ததென்று சந்தோஷப்படுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திரும்பி வரும்போது நண்பர் ஒருவர் பதிந்துகொள்ளச் சொன்னார்; போனை எடுத்துப் பாதிவரை போனேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால் கொள்கை என்று சொல்ல மாட்டேன். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அன்றைக்குத் தொட்டிக்குள் லேகியம் போன பிறகு அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் தமிழ்க்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. "எத்தன நாள் பக்குவம்மா?" என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. உங்களையும் சோதிப்பார்களா என்று கேட்டேன். "தெனமும்தான் சார். உள்ள வரப்ப, வெளிய போறப்ப, டீ குடிக்கப் போய்ட்டு வரப்ப. சோத்து டப்பாவயும் தொறந்து காட்டணும்" என்றார். அம்மா அவரிடம், "அந்தப் பாட்டில நீயாச்சும் எடுத்துக்கயேம்மா, வீணாப் போறதுக்கு" என்றார். அவர் தொட்டியைப் பார்த்தார், கூரையிலிருந்த கேமராவைப் பார்த்தார். "எடுத்தா, போறப்ப என்கிட்டதான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைப் பக்கம் போனார்.